குடிபோதையில் வண்டி: கணக்கை யார் கட்டுகிறார்கள்?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 462 உயிர்கள். ஒரு மணி நேரத்துக்கு 19. விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம்: 17,884.

நாடு முழுவதும் இறந்தவர்களில் எத்தனை பேர் குடிபோதை ஓட்டுநர்களால் இறந்தார்கள்? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பதிவில் மது, போதைப்பொருள் இரண்டும் சேர்ந்து அந்த ஆண்டு 10,080 விபத்துகள், 4,201 உயிர்கள். மொத்தச் சாவில் 2.5 சதவீதம்.

2.5 சதவீதத்தை ஏன் நம்ப முடியவில்லை?

அதே 2022-இல் அமெரிக்காவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 42,514 பேர். குடிபோதை ஓட்டுநர் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மட்டும் 13,524 பேர். அதாவது 32 சதவீதம். அங்கே 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தால்தான் இந்தக் கணக்கில் வரும். இந்தியச் சட்டத்தின் வரம்பு 30 மில்லிகிராம். நம் வரம்பு அவர்களுடையதைவிடக் கடுமையானது. நம் சதவீதமோ ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு. இரு நாட்டுக் குடிப்பழக்கமும் வேறுதான். அந்த வேறுபாடு மட்டுமே இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்கிவிடாது.

விளக்கம் பதிவு செய்யும் முறையில் இருக்கிறது. நம் புள்ளிவிவரத்தில் ஒரு விபத்து ஒரே ஒரு விதிமீறலின் கீழ்தான் வருகிறது. குடித்துவிட்டு வேகமாகப் போய் மோதியவரின் விபத்து ‘அதிவேகம்’ என்ற வரிசைக்குப் போய்விடலாம். 2022-இல் 71 சதவீத உயிரிழப்புகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

இரண்டாவது காரணம் நேரம். ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறையும். மோதும்போது 60 இருந்தவருக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தால் 30தான் காட்டும். சட்டம் தண்டிப்பது 30-ஐத் தாண்டியவரை. காயம்பட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றி, போக்குவரத்தைச் சரிசெய்து, ஓட்டுநரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுப்பதற்குள் சாட்சியம் கரைந்துவிடுகிறது.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

டாஸ்மாக் கடையில் விற்கும் குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், எடையில் ஏறக்குறைய 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆண் அதை ஒரு மணி நேரத்தில் குடித்து முடித்தால், 100 மில்லி ரத்தத்தில் சுமார் 120 மில்லிகிராம் ஏறும். சட்ட வரம்பைப் போல நான்கு மடங்கு. அது 30-க்கு இறங்க ஆறு மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்குக் குடித்து முடித்தவர் விடிகாலை 4 மணிவரை வண்டியைத் தொடக்கூடாது.

10 மணிக்குக் கடை சாத்தும் நேரத்தில் பார் வாசலில் நின்று பாருங்கள். வரிசையாகப் பைக்குகள். சைடு ஸ்டாண்டைக் காலால் இரண்டு மூன்று தடவை துழாவி எடுப்பவர், சாவித் துவாரம் தெரியாமல் செல்போன் வெளிச்சத்தில் தேடுபவர், ‘மெதுவாப் போலாம் மாப்ள’ என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஏறும் நண்பர். அந்த நண்பரும் குற்றத்துக்கு உடந்தைதான். 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவர் ஓட்டும் வண்டியில் தெரிந்தே ஏறுபவருக்கும் அபராதம் என்று அறிவித்தது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

32 வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர் விபத்தில் இறந்தால், உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி தீர்ப்பாயம் போடும் கணக்கு இது:

- ஆண்டு வருமானம்: ரூ. 1,80,000
- எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால்: ரூ. 2,52,000
- அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால்: ரூ. 1,89,000
- 32 வயதுக்குரிய பெருக்கல் எண் 16: ரூ. 30,24,000

உறவின் இழப்பு, இறுதிச் சடங்கு ஆகியவற்றுக்கான தொகை தனி. இந்த 30 லட்சத்தையும் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம்தான் முதலில் கட்டுகிறது. குடித்திருந்தது நிரூபணமானால், கட்டிய பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. நிரூபணமாகாவிட்டால், ஒழுங்காக வண்டி ஓட்டுகிற நம் எல்லாருடைய பிரீமியத்திலிருந்தும் அது போகிறது. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியபோது, காயம்பட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 1 லட்சம் ரூபாய்வரை ஒதுக்கியது. நல்ல திட்டம், அதுவும் பொதுப்பணம்.

இரண்டாம் முறையின் விலை

மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவின்படி, குடித்து ஓட்டி முதல் முறை பிடிபட்டால் 6 மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இரண்டாம் முறை பிடிபட்டால் 2 ஆண்டுவரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு அபராதம் 2,000, 3,000 ஆக இருந்தது. நீதிமன்றம் அபராதத்தோடு விட்டுவிட்டால், மீண்டும் குடித்து ஓட்டுபவருக்குக் கூடுதல் செலவு 5,000 ரூபாய். அந்தக் கொத்தனாரின் உயிருக்குப் போட்ட கணக்கில் அது அறுநூறில் ஒரு பங்கு.

முதல் முறை பிடிபட்டவர் மீண்டும் குடித்து ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1988 மே 14 இரவு கென்டக்கி மாநிலத்தில் நடந்ததைச் சொல்லலாம். கேரல்டன் அருகே நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வந்த பிக்கப் வண்டி, கேளிக்கைப் பூங்காவிலிருந்து திரும்பிய தேவாலயப் பேருந்தில் மோதியது. பேருந்து தீப்பிடித்து 27 பேர் இறந்தார்கள். 24 பேர் சிறார்கள். ஓட்டுநர் ரத்தத்தில் 240 மில்லிகிராம். அவர் 1984-இலேயே குடித்து ஓட்டிப் பிடிபட்டவர். 16 ஆண்டு தண்டனை பெற்று, 1999-இல் விடுதலையானார்.

நம் நாட்டுக் கணக்கு இது: 2006 நவம்பர் 12 அதிகாலை மும்பை பாந்திராவில், நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள்மீது கார் ஏறி 7 பேர் இறந்தார்கள். ஓட்டிய அலிஸ்டர் பெரைராவுக்குக் கீழ் நீதிமன்றம் தந்தது 6 மாதம். உயர் நீதிமன்றம் அதை 3 ஆண்டாக்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 7 உயிர், 36 மாதம். ஓர் உயிருக்கு ஏறக்குறைய ஐந்து மாதம்.

அந்தத் தீர்ப்பு ஒரு வழியையும் திறந்து வைத்தது. குடித்து ஓட்டினால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டியவர்மீது, வெறும் கவனக்குறைவாக அல்லாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகவே வழக்குத் தொடரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவு மரணத்துக்கு 5 ஆண்டுவரை தண்டனை. தெரிந்தே விளைவித்த மரணத்துக்கு 10 ஆண்டுவரை. ஏற்கெனவே டிடி கேஸில் (குடித்து ஓட்டிய வழக்கில்) தண்டனை பெற்றவர், தனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? முதல் தண்டனையே அவருக்கு எழுத்தில் தந்த எச்சரிக்கை.

வரவு எவ்வளவு, கடமை எவ்வளவு

2024-25-இல் தமிழக அரசுக்கு டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். ஒரு நாளைக்கு 132 கோடி. இந்த வரவைப் பெறுகிற அரசு நான்கு செலவுகளைச் செய்தே ஆக வேண்டும்.

ஒன்று: உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும் எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் மூச்சுச் சோதனை. ஒவ்வொரு நெடுஞ்சாலை ரோந்து வண்டியிலும் கருவி இருக்க வேண்டும்.

இரண்டு: டிடி கேஸ் ஒவ்வொன்றும் ‘சாரதி’ தரவுத்தளத்தில் ஓட்டுநர் உரிமத்தோடு சேர வேண்டும். வண்டி எண்ணோடு நின்றுவிட்டால், அடுத்த முறை நண்பரின் வண்டியில் பிடிபடுபவர் புதிய ஆளாகிவிடுவார்.

மூன்று: உரிம ரத்து. குடிபோதை வழக்கில் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே அறிவுறுத்தியது. தொடர் குடிகாரரின் உரிமத்தைப் பறிக்க வாகனச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது.

நான்கு: இரண்டாம் முறை சிக்கியவருக்கு அபராதத்தோடு குடிநோய்ச் சிகிச்சையும் கட்டாயம். அதை முடித்த சான்று இல்லாமல் உரிமம் திரும்பத் தரக்கூடாது.

இவற்றில் சிகிச்சைக்குப் புதிதாக விதி வேண்டும். மற்ற மூன்றுக்கும் பெரும்பாலும் இருக்கிற சட்டமே போதும். குடித்து ஓட்டியவரை இரண்டாம் முறை பிடிக்கும் காவலர், முதல் முறையின் பதிவைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதைச் செய்து கொடுப்பது அரசின் கடன்.