விளைவது மலையில், விலை பேசுவது தரையில்!

கார்த்திகை மாதம். அமெரிக்க நாட்டில் இது இலையுதிர் காலத்தின் முடிவு. மேப்பிள் மர இலைகள் மஞ்சளாகிச் சிவந்து உதிர்வதைக் காண்பதற்கென்றே அந்த நாட்டின் வடகிழக்கு மாநிலங்களுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் போகிறார்கள். தங்கும் விடுதிகள் நிரம்புகின்றன. உதிரும் இலையைக்கூடக் காசாக்கத் தெரிந்த நாடு அது!

நம் நாட்டில் அந்தக் காட்சி இல்லை. நமக்கு இது மழையும் பனியும் கலந்த பருவம். ஆனால் மலையேறிப் பனி பார்க்கும் ஆசை நமக்கும் வந்துவிட்டது. சனி, ஞாயிறு என்றால் நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசை கட்டி நிற்கின்றன. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குப் போகிறார்கள். ஆகாய கங்கை அருவியைப் பார்க்கிறார்கள். அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகிறார்கள். வாசலூர்ப்பட்டியில் படகு விடுகிறார்கள். படம் பிடித்துக்கொண்டு மாலையில் இறங்கிவிடுகிறார்கள்.

போகட்டும். வாரம் ஆறு நாள் உழைக்கும் மனிதன் ஒரு நாள் குளிர்ந்த காற்றை வாங்கினால் யாருக்கும் குற்றமில்லை. நாமும் அந்த மலைக்குப் போயிருந்தோம். பனியையும் பார்த்தோம். ஆனால் பனிக்குள்ளே நடமாடும் மனிதனையும் பார்த்தோம். அவனைப் பற்றித்தான் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏறுவது எது? இறங்குவது எது?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகப் பேருந்தில் போனோம். காரில் போகிறவன் வளைவுகளை எண்ணிக்கொண்டு போவான். பேருந்தில் போகிறவனுக்கு எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும். மலையிலிருந்து இறங்குகிற வண்டிகளில் வாழைத்தார், மரவள்ளிக் கிழங்கு மூட்டை, காப்பி மூட்டை. தை, மாசியில் மிளகு இறங்கும். வைகாசி, ஆனியில் பலாப்பழம் இறங்கும். அன்னாசி, ஆரஞ்சு, தேன் என்று இந்த மலை கொடுக்காத பொருள் குறைவு.

சரி, ஏறுகிற வண்டிகளில் என்ன? அரிசி மூட்டை, சிமென்ட், உரம், பலசரக்கு. அத்தோடு ஒவ்வொரு பொருளின் மீதும் ஒட்டப்பட்ட விலை.

இறங்குகிற பொருளுக்கு விலை சொல்பவன் கீழே இருக்கிறான். ஏறுகிற பொருளுக்கும் விலை சொல்பவன் கீழேதான் இருக்கிறான். விற்கும்போதும் அவன் சொன்ன விலை, வாங்கும்போதும் அவன் சொன்ன விலை! கொல்லிமலையின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

ஓரியின் மலை

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமீது சிலையாக வீற்றிருக்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியவன் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடிவைத்திருக்கிறார். ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசு அவனுக்கு விழா எடுக்கிறது. மகிழ்ச்சி. தமிழன் தன் முன்னோனை நினைக்க வேண்டும்.

ஆனால் ஓரியின் கதை அவன் வில்லோடு முடியவில்லை. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது அகநானூறு தரும் செய்தி. கேளுங்கள் தோழர்களே! மலையைக் காத்தவன் மாண்டான், வெட்டியவன் வேறொருவன், மலை போய்ச் சேர்ந்ததோ சமவெளியில் உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆளிடம்! இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கதைதான் இது. ஆனாலும் பழங்கதையென்று தள்ள மனம் வரவில்லை.

நம் காலத்திலேயே ஒன்று நடந்தது. இந்த மலையின் தலையில் பாக்சைட் வெட்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். தோண்டிய இடம் மலை. உருக்கிய இடம் மேட்டூர். இன்று அந்தச் சுரங்கம் இல்லை. ஆனால் வாரிப்போன மண் திரும்பி வரப் போவதில்லை.

இந்த மலையில் ஊராட்சிகளை இன்றைக்கும் 'நாடு' என்றுதான் சொல்கிறார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, தேவானூர் நாடு என்று பதினான்கு நாடுகள். ஏறத்தாழ நாற்பதாயிரம் மக்கள். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை, மலையை ஆளுகிறவர்கள் என்பதால் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ். பெயரில் ஆட்சி இருக்கிறது. பெயருக்கு நாடும் இருக்கிறது. விலை சொல்லும் உரிமை ஒன்றுதான் இல்லை!

காப்பிச் செடியும் நியூயார்க் நகரமும்

கார்த்திகையில் காப்பிப் பழம் சிவக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்க, கீழே காப்பிச் செடி. சோளக்காட்டைத் தாண்டி ஒரு தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"இந்த வருசம் பழம் நல்லா இருக்குதுங்களே, என்ன விலைக்குப் போகுதுங்க?"

"செடியில பிஞ்சா இருக்கறப்பவே பேசியாச்சுங்க. பொண்ணு காலேசு பீசுக்கு ஆடி மாசத்துலயே பணம் வாங்கிட்டேன். பறிச்சுக் குடுக்கறதுதான் நம்ம வேலை."

"இன்னைக்கு மார்க்கெட் விலை தெரியுங்களா?"

"அது வாங்கறவங்களுக்குத்தானுங்க தெரியும்!"

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்று சொல்வதுபோல் சொன்னார். அதுதான் நம்மைச் சுட்டது.

அந்த விலை எங்கே பிறக்கிறது தெரியுமா? அரபிக்கா காப்பிக்கு உலகச் சந்தை விலை அமெரிக்காவில், நியூயார்க் பண்டகச் சந்தையில் நிர்ணயமாகிறது. 2001-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே ஒரு பவுண்டு காப்பி அரை டாலருக்கும் கீழே விழுந்தது. உலகமெங்கும் சிறு விவசாயி நொடித்தான். பிரேசில் நாட்டு வறட்சியால் 2025 பிப்ரவரியில் அதே ஒரு பவுண்டு நான்கு டாலரையும் தாண்டி ஏறியது. விழுந்தபோது விழுந்த செய்தி மறுநாளே கொல்லிமலைக்கு வந்து சேரும். ஏறும்போது மட்டும் அந்தச் செய்திக்கு எழுபது வளைவுகளும் ஏற மூச்சு வாங்குகிறது!

ஐந்தாறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ காப்பிக் கொட்டை. தோலை நீக்கி, கழுவி, காயவைத்துக் கொட்டையாக விற்றால் ஒரு விலை. பழமாகவே விற்றால் வேறு விலை. தோல் நீக்கும் இயந்திரமும் சிமென்ட் களமும் உள்ளவன் கொட்டையாக விற்கிறான். இல்லாதவன் பழமாக விற்கிறான். பிஞ்சிலேயே முன்பணம் வாங்கியவனோ, எப்படி விற்பது என்று யோசிக்கும் உரிமையையும் சேர்த்தே விற்றுவிடுகிறான்.

மிளகின் கதையும் இதுதான். உலகிலேயே அதிகமாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். அந்த மிளகு மலிவாக வந்து குவிந்தபோது, கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைவான இறக்குமதியைத் தடுக்க 2017 டிசம்பரில் இந்திய அரசு ஆணை போட வேண்டியிருந்தது. எங்கோ கப்பல் நகர்கிறது. இங்கே கொடியேறும் மனிதனின் கஞ்சி நகர்கிறது.

சாமையை மறந்த மலை

இதைவிட வேதனை சாமையின் கதை. மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை, கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப்பெருஞ் சாமை என்று வகை வகையாக விளைவித்த மலை இது. சாமையும் தினையும் கேழ்வரகும் இவர்கள் சோறு. எந்தச் சரிவுக்கு எந்த விதை, எந்த மழைக்கு எந்த விதை என்று ஏட்டில் எழுதாமலே காத்துவந்தார்கள்.

பிறகு மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகள் கிழங்கு கேட்டன, காசு கொடுத்தன. சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. ரேஷன் அரிசியும் வந்தது. சாமை பின்வாங்கியது. இன்று கிழங்கு விலை விழுந்தால் ஆலை கைவிரிக்கிறது. வயலில் கிழங்கு இருக்கிறது, வீட்டில் தானியம் இல்லை. கிழங்குக்குப் பதில் சாமையாக இருந்தால், விலை விழுந்தாலும் சோறாவது மிஞ்சும்.

சரி, இவர்களுக்கு அறிவில்லாமலா சாமையை விட்டார்கள்? ஒரு மூதாட்டியிடம் கேட்டோம். பளிச்சென்று பதில் வந்தது: "நீ வந்து ரெண்டு படி குத்திப் பாரு கண்ணு. அப்புறம் சாமை நல்லதுன்னு எழுது!"

இந்த ஒரு பேச்சு ஓர் ஆராய்ச்சி நூலுக்குச் சமம். சாமையின் உமி எளிதில் போகாது. உரலில் போட்டு மணிக்கணக்கில் குத்த வேண்டும். குத்துவது யார்? பகலெல்லாம் காட்டில் உழைத்துத் திரும்பிய பெண். அந்தக் கைக்கு ஓய்வு தராமல் 'பாரம்பரியத்தைக் காப்பாற்று' என்று உபதேசம் செய்வது ஆண்பிள்ளை வீரமல்ல.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் பணியாற்றி வருகிறது. ஊர் ஊராக விதை வங்கி, உமி நீக்கும் இயந்திரம், மகளிர் குழுக்கள் வழியே விற்பனை என்று செய்துகாட்டியிருக்கிறது. இயந்திரம் வந்த இடத்தில் சாமைக்கு மறுபடி மரியாதை வந்தது. பெண்ணின் கைவலி தீர்ந்தால் பயிர் பிழைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் சாமை, கண்ணாடிப் பையில் ஏறிக்கொண்டது. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பணக்காரர் தேடி வாங்குகிறார்கள். ஏழையின் சோறாக இருந்தவரை இழிவு. பணக்காரன் தட்டில் ஏறியவுடன் இலாபம்! ஆனால் அந்த இலாபத்தில் உரல் பிடித்த கைக்குப் பங்கு எவ்வளவு?

வியாபாரி மட்டுமா குற்றவாளி?

இங்கே ஒரு கேள்வி எழும். 'வியாபாரி இல்லாவிட்டால் இந்த மிளகை யார் வாங்குவது? அவசரத்துக்குப் பணம் யார் கொடுப்பது?' நியாயமான கேள்விதான். ஆடி மாதம் பிள்ளையின் படிப்புக்குப் பணம் கேட்டால், வங்கி காகிதம் கேட்கிறது. வியாபாரி உடனே எடுத்துக் கொடுக்கிறான். ஆகவே அவனைத் திட்டித் தீர்ப்பதால் ஒரு பயனும் இல்லை. அவன் நிற்கும் இடத்தில் கூட்டுறவு நிற்க வேண்டும். அவன் கொடுக்கும் நேரத்தில் அது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வியாபாரி போனால் இன்னொரு வியாபாரி வருவான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்பவரல்ல நாம். சாலை வந்திருக்கிறது. பள்ளிகள், பழங்குடி மாணவர் விடுதிகள், செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கின்றன. பழங்குடியினருக்கான பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே. ஒன்று ஏற்காடு, மற்றொன்று இந்த மலை அடங்கிய சேந்தமங்கலம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் இருக்கிறது. ஆனால் நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் அதன்படி பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. பத்தாண்டு என்பது ஒரு குழந்தை பள்ளியில் சேர்ந்து பத்தாம் வகுப்பைத் தொடும் காலம்!

வேண்டுவது வானத்து நட்சத்திரமல்ல. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு காய்வுக் களம். காப்பித் தோல் நீக்கவும் சாமை உமி நீக்கவும் பொது இயந்திரம். சந்தையில் அரசு முத்திரையிட்ட தராசு. அதன் பக்கத்தில், அன்றன்றைய மிளகு, காப்பி விலையைத் தமிழில் எழுதிய ஒரு கரும்பலகை. பூக்கும் பருவத்தில் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பயிர்க்கடன். இவ்வளவுதான். எழுபது வளைவு வெட்டத் தெரிந்த நாட்டுக்கு ஒரு கரும்பலகை மாட்டுவது பெரிய வேலையா?

தோழர்களே!

இது மலைக்காரன் பிரச்சினை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். மலையில் ஏற்றிய மூட்டையை மண்டியில் இறக்குபவன் சுமைத் தொழிலாளி. எழுபது வளைவிலும் உயிரைக் கையில் பிடித்து லாரியை இறக்குபவன் நாமக்கல் டிரைவர். சவ்வரிசி ஆலையில் மாவில் நனைந்து நிற்பவன் நம் தோழன். கூலி பேசும் உரிமைக்காக அவன் சங்கம் கட்டினான், அடி வாங்கினான், பெற்றான். விலை பேசும் உரிமைக்காக மலையில் இருப்பவன் கேட்கும்போது அவன் பக்கம் நிற்க வேண்டியவன் வேறு யார்? கூலியும் விலையும் உழைப்பின் இரண்டு பெயர்கள்.

கொல்லிப்பாவை என்று இந்த மலையில் ஒரு பழங்கதை உண்டு. அழகாகச் சிரிக்குமாம், சிரித்தபடியே ஆளைக் கொல்லுமாம். பாவையை நாம் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே முன்பணம் நீட்டும் கையைப் பார்த்தோம். அதற்குப் பயப்படாத துணிவு தனி மனிதனுக்கு வராது, கூட்டத்துக்கு வரும்.

விடுமுறையில் மலையேறுங்கள். அருவியில் குளியுங்கள். ஆனால் இறங்குவதற்குமுன் தோட்டத்தில் நிற்கும் ஒருவரிடம், "இன்னைக்கு மிளகு என்ன விலைங்க?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், உங்கள் கையிலிருக்கும் செல்பேசியில் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கூட்டுறவுச் சங்கத்தின் அடுத்த கூட்டம் எப்போது என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.