பேசினது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு?

வெள்ளிக்கிழமை காலையில் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்குள் நுழைந்தால் காதில் விழுவதெல்லாம் விலைதான். மலையிலிருந்து இறங்கி வந்தவர் கிடாயைப் பன்னிரண்டாயிரத்துக்கு முடித்துவிட்டார் என்பார்கள். ஆனால் அவர் மடியில் கட்டிக்கொண்டு போவது அந்தப் பன்னிரண்டாயிரம் அல்ல. வண்டி வாடகை, சந்தைச் சுங்கம், தரகு எல்லாம் போக மிச்சம். குத்துச்சண்டை வீராங்கனை ஒருவர் இத்தனை கோடி சம்பாதித்தார் என்று படிக்கும்போதும் இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு சண்டைக்கும் தனியாக விலை பேசுவார்கள்; அந்தத் தொகைக்குப் பெயர் ‘பர்ஸ்’. தோற்றாலும் பேசின பணம் வரும். அதில் பயிற்சியாளருக்கு வழக்கமாகப் பத்து சதவீதம். மேனேஜர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் விதி இருக்கிறது. விதி போட்டுத் தடுக்க வேண்டிய நிலை இருந்தது என்றுதானே அர்த்தம்! பிறகு பயிற்சி முகாம் செலவு, வரி. ‘வாழ்நாள் வருமானம்’ என்று அச்சாகும் எண் பெரும்பாலும் இவற்றைக் கழிக்காத மொத்தம்.

பெண்களின் பர்ஸ் எப்படி ஏறியது? 1996 மார்ச்சில் மைக் டைசன் சண்டைக்கு முந்தைய ஆட்டமாக கிறிஸ்டி மார்ட்டின் மோதினார். மூக்கில் ரத்தம் வழிய வழிய ஆறு ரவுண்டு ஆடி ஜெயித்தார். மறுநாள் ஊரெல்லாம் அவர் பேச்சு. அவருக்குக் கிடைத்தது சுமார் 15,000 டாலர். டைசனுக்கு மூன்று கோடி டாலர். 28 ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அதே டைசன் டெக்சாஸில் மேடையேறிய இரவில் கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் அதற்கு முந்தைய ஆட்டத்தில் மோதினார்கள். இம்முறை பேச்சு மில்லியன் கணக்கில்.

நடுவில் திருப்பம் 2022 ஏப்ரல் 30. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதன்முறையாகப் பெண்கள் சண்டையே தலைமை ஆட்டம், அதே இருவருக்கிடையே. 19,187 பேர்; டிக்கெட் மிச்சமில்லை. இருவருக்கும் தலா பத்து லட்சம் டாலருக்கு மேல். அதற்கு முன் சில ஆயிரம் டாலருக்கு உலகப் பட்டத்துக்காக மோதியவர்தான் செரானோ. இடையில் அவர் குத்தின் வலு பல மடங்கு கூடிவிடவில்லை. பார்க்க ஆள் இருக்கிறது என்று புரமோட்டருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவே. உச்சியில் உள்ள நாலைந்து பேரைத் தாண்டினால் பழைய கதைதான்.

பெண்களுக்குக் குறைத்துக் கொடுக்க ஒரு சாக்கும் உண்டு. ஆண்கள் பட்டச் சண்டை மூன்று நிமிடமாகப் பன்னிரண்டு ரவுண்டு. பெண்களுக்கு வழக்கமாக இரண்டு நிமிடமாகப் பத்து. 36 நிமிடத்துக்கு எதிரே 20. சாக்கை ஒழிக்க 2023-இல் செரானோ பன்னிரண்டு ரவுண்டும் மூன்று நிமிடமாக ஆடிக் காட்டினார். பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் இதற்கு ஒப்பவில்லை. அதன் பட்டத்தைத் துறந்தார்.

நம் நாட்டுக் கதை வேறு. மணிப்பூரின் சரிதா தேவி 2017-இல் இம்பாலில் தொழில்முறையாக மேடையேறி ஜெயித்தார். ஆனால் அது பெரிய பாதையாகவில்லை. இங்கே பணம் அமெச்சூர் பதக்கம் வழியாகத்தான் வருகிறது. 2023 டெல்லி உலகப் போட்டியில் தங்கத்துக்கு 1,00,000 டாலர், அன்றைக்கு 82 லட்சம் ரூபாய் போல. அங்கே தங்கம் வென்ற நிகத் ஜரீனுக்கு மறு ஆண்டு தெலங்கானா அரசு டி.எஸ்.பி. வேலையும் கொடுத்தது.

ஆகவே ஒடுகத்தூரில் ஒரு பெண் கையுறை மாட்டினால் வீட்டில் முதலில் கேட்பது பர்ஸ் எவ்வளவு என்றல்ல, “கவர்மென்ட் வேலை கிடைக்குமா?” என்றுதான். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குக் கணக்கில் வருவது தேசிய, சர்வதேசப் பதக்கங்கள். எத்தனை டாலருக்குச் சண்டை போட்டாள் என்பதல்ல.