வலை இழுத்த பாட்டு... வேலைப் பளுவுக்கும் மருந்து!

சென்னையிலிருந்து ஐ.டி. நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கும் ஓ.எம்.ஆர். சாலை, மாமல்லபுரம் அருகே முடிகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடல், மீனவர் குப்பங்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் ‘ஏலேலோ’ போட்டுக் கரைவலை இழுப்பது தமிழக மீனவர்களின் பழைய வழக்கம். இதை ‘அம்பா பாட்டு’ என்பார்கள். தாளத்துக்கு எல்லோரும் ஒன்றாக இழுப்பதால் பாரம் பங்காகும்; அலுப்பும் குறையும்.

பிரிட்டனில் தொழிற்சாலை ஊழியர்களுக்காகவே பி.பி.சி. வானொலி 1940-ல் தனி இசை நிகழ்ச்சி தொடங்கியது.

நீங்களும் முயலலாம். படிக்கும், எழுதும் வேலையின்போது பாடல் வரிகள் கவனத்தைக் கலைக்கும். வீணை, புல்லாங்குழல் இசை போதும். இடைவேளையில் பத்து நிமிடம் மெல்லிசை கேளுங்கள். சக ஊழியர்களோடு சேர்ந்து பாடினால் இன்னும் நல்லது.

ஆனால், கரைவலையை ஒரே ஆள் இழுக்க முடியாது. வேலை அளவுக்கு மீறினால் ஹெட்போன் தீர்வல்ல, மேலதிகாரியிடம் பேசிவிடுங்கள்!