நின்ற இடத்தைப் பாருங்கள்

வீட்டு விசேஷ வீடியோவை எடிட் செய்து முடித்து எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது பிழைச் செய்தி வந்தால், பலரும் முதலில் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் உழைப்பு. கோளாறு மென்பொருளில் இருப்பதைவிட, அதற்கு நாம் கொடுத்த கோப்புகளிலோ அது எழுதப்போகும் டிரைவிலோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இது விளங்க, சேமிப்பு இரண்டு வகை என்று தெரிந்திருக்க வேண்டும். ‘ப்ராஜெக்ட்’ என்று சேமித்தால் எந்தக் காட்சி எங்கே தொடங்கி எங்கே முடியும் என்ற குறிப்பு மட்டுமே கணினியில் பதிவாகும். படமும் ஒலியும் பழைய கோப்புகளிலேயே இருக்கும். அதை வீடியோ என்று நம்புவது, மளிகைச் சீட்டைப் பத்திரப்படுத்திவிட்டு மளிகை வந்துவிட்டது என்று இருப்பதைப் போன்றது. எக்ஸ்போர்ட் கொடுக்கும்போதுதான் மென்பொருள் மூலக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து புதிய வீடியோவைச் செய்கிறது. பென் டிரைவிலிருந்து நேரே இழுத்துப் போட்ட காட்சி, பென் டிரைவைக் கழற்றிய பின் கிடைக்காது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மூவி மேக்கர், காணாமல்போன காட்சியின் இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி காட்டியது இதனால்தான்.

ஆகவே வேலை எத்தனை சதவீதத்தில் நின்றது என்பதே முதல் துப்பு. தொடங்கும்போதே நின்றால், எழுத அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 2017 முதல் விண்டோஸ் 10இல் உள்ள ஒரு பாதுகாப்பு வசதியை இயக்கியிருந்தால், அறிமுகமில்லாத மென்பொருள் ‘வீடியோஸ்’, ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டர்களில் எழுதுவதை அது தடுத்துவிடும். வேறு ஃபோல்டரில் சேமித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரே இடத்தில் நின்றால், அங்குள்ள காட்சியைச் சந்தேகிக்கலாம். முதல் பாதியைத் தனியாக, இரண்டாம் பாதியைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்து, தோற்கும் பாதியை மறுபடி இரண்டாக்கினால் குற்றவாளி அகப்படும். செல்போன் வீடியோக்களில் ஒரு நொடிக்கான பிரேம்களின் எண்ணிக்கை சீராக இருப்பதில்லை. இதனால் ஒலி பிசகுவதும் உண்டு. ஷாட்கட் என்ற இலவச மென்பொருள் அத்தகைய கோப்பைக் கண்டதும், எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றித் தரட்டுமா என்று தானே கேட்கிறது.

நெடுநேரம் ஓடிவிட்டுக் கடைசி நேரத்தில் தோற்பதுதான் மனதை உடைக்கும். பென் டிரைவில் நேரே சேமிப்பவர்கள் அதன் ஃபார்மட்டைப் பார்க்க வேண்டும். ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. 64 ஜிபி காலியாக இருந்தாலும் இதே கதைதான். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் வீடியோ, சுமார் 57 நிமிடத்தில் அந்த எல்லையை எட்டிவிடும். கணினியின் ஹார்டு டிஸ்கில் சேமித்துவிட்டு, பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி நகலெடுப்பது வழி. மாற்றும்போது அதில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால், முன்பே வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: எம்பி4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை பொதுவாக இறுதியில்தான் எழுதப்படும். அதனால்தான் முக்கால்வாசி முடிந்த கோப்புகூடத் திறக்க மறுக்கிறது.

“போன மாதம் இதே கணினியில் நன்றாகத்தானே சேமித்தது?” என்று கேட்கலாம். மென்பொருள் அதேதான், ஆனால் காட்சிகள் புதியவை, டிஸ்கும் அன்றைவிட நிறைந்திருக்கக்கூடும். மென்பொருளே காரணமாக இருக்கக் கூடாதா என்பது நியாயமான கேள்வி. அதற்கும் சோதனை உண்டு. புதிய ப்ராஜெக்டில் ஒரே ஒரு புகைப்படத்தைப் போட்டு, பத்து நொடி வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதுவும் தோற்றால், வேறு ஃபோல்டரிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டு வழியாக என்கோட் செய்யும் வசதியை அணையுங்கள். பிறகும் தோற்றால் மறுபடி நிறுவுவதில் அர்த்தம் உண்டு. ஆனால் மூவி மேக்கருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரி 10 அன்றே நிறுத்திவிட்டது. அதோடு மல்லுக்கட்டுவதைவிட மாறிக்கொள்வது நல்லது. வெறும் எண்ணைக் காட்டி, காரணம் சொல்லாமல் நின்றுவிடும் பிழைச் செய்திகளுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. டிஸ்கில் இடமில்லை என்றால் இடமில்லை என்று சொல்ல என்ன தடை?

எக்ஸ்போர்ட் முடிந்தது என்று திரை சொன்னதும் செல்போனிலிருந்து மூலக் காட்சிகளை அழித்துவிடாதீர்கள். புதிய கோப்பை வேறொரு கருவியில் தொடக்கம் முதல் இறுதிவரை ஓட்டிப் பார்த்த பிறகு அழியுங்கள்.