கட்டளைக் கோப்பும் நிறக் குறியீடும்

மும்பையில் மாதுங்காவிலோ செம்பூரிலோ பொறியியல் பயிலும் மாணவர், மென்பொருட் கோப்புகளை உரிய முறையில் தொகுக்கும் ‘மேக்’ கருவியை முதன்முதல் கையாளுகையில் ஒரு வரியில் தடைப்பட்டு நிற்பதுண்டு. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய இக்கருவியின் விதிக்கோப்பில், கட்டளை வரி வழக்கமாக ‘டேப்’ இடைவெளியுடன் தொடங்குதல் வேண்டும். சாதாரண இடைவெளி எட்டு இட்டாலும் கருவி ஏற்பதில்லை. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றே!

கையேட்டின் எடுத்துக்காட்டில் டேப் உள்ள இடத்தைத் தனி நிறத்தில் காட்டினால் இம்மயக்கம் தீரும். ஆயினும் எடுத்துக்காட்டு எம்மொழியினது என்பதைப் பிழையின்றிக் குறித்தல் இன்றியமையாதது. டாலர் குறியை அடுத்து அடைப்புக்குள் வரும் சொல், மேக்கில் ஒரு மாறியின் பெயர். ஷெல் மொழியிலோ இயக்கவேண்டிய கட்டளை. மேக் கோப்பை ஷெல் எனக் குறித்துவிட்டால் நிறமே மாணவரைத் தவறான வழியில் செலுத்தும். கருப்பு மையில் படியெடுத்து வழங்கும் ஆசிரியர், டேப் உள்ள இடத்தில் அம்புக்குறி இடுவது நலம்.