255 பேரில் இல்லாத பேர்: கேமரூன் வேக்

ஃபுட்பால்னா நமக்கு மெஸ்ஸி, ரொனால்டோதான். ஆனா அமெரிக்காவிலும் கனடாவிலும் அது வேற விளையாட்டு. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோள் கவசம், நேருக்கு நேர் மோதல். அதிலும் கனடாவுக்குன்னு தனி விதிகள் இருக்கு. கேமரூன் வேக் என்கிற டிஃபென்ஸ் வீரரோட கதையைத் தெரிஞ்சுக்கிட்டா அந்த விதிகளும் புரிஞ்சிடும்.

முதல்ல விதிகள்

அமெரிக்க ஆட்டத்தில் ஒரு அணிக்கு 11 பேர், கனடாவில் 12 பேர். 10 யார்டு முன்னேற அமெரிக்காவில் 4 வாய்ப்பு, கனடாவில் 3 மட்டும்தான். இந்த வாய்ப்புக்கு 'டவுன்' என்று பெயர். ஒரு டவுன் குறைஞ்சா என்ன ஆகும்? பந்தைக் கையில் வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா ஓடி முன்னேற நேரம் இருக்காது. வீசித்தான் ஆகணும்.

வீசுறவர் குவார்ட்டர்பேக். அவர் வீசுறதுக்குள்ள அவரைப் பிடிச்சுக் கீழே சாய்ச்சா அது ஒரு 'சேக்'. ரெண்டு பேர் சேர்ந்து சாய்ச்சா ஆளுக்குப் பாதி. டிஃபென்சிவ் எண்டோட முக்கிய வேலையே இதுதான். ஆனா கனடாவில் டிஃபென்ஸ் ஆட்கள் பந்திலிருந்து ஒரு யார்டு தள்ளித்தான் நிக்கணும். அந்த இடைவெளியைக் கடந்து போய்த் தடுப்பாளரைத் தாண்டணும். அதனால வெறும் உடம்பு பலம் போதாது, முதல் ரெண்டு அடியில் வேகம் வேணும்.

இப்போ வேக்

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடினவர். டிஃபென்சிவ் எண்ட், லைன்பேக்கர் ரெண்டு இடத்திலும் நின்னவர். 2005 என்.எஃப்.எல். டிராஃப்டில் 7 சுற்றுகளில் 255 பேரை எடுத்தாங்க. அதில் இவர் பேர் இல்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் தனியா ஒப்பந்தம் போட்டாங்க, ஆனா சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்க. அடுத்த ரெண்டு வருஷம் எந்த அணியும் இல்லை. ஜிம்மில் பயிற்சியாளரா வேலை பார்த்தார். இந்த விளையாட்டில் ரெண்டு வருஷம் ஆடாம இருந்தா, கிட்டத்தட்ட மறந்தே போயிடுவாங்க.

2007-ல் வான்கூவரில் இருக்கிற பி.சி. லயன்ஸ் அணி இடம் கொடுத்தது. முதல் சீசனிலேயே 16 சேக். லீகின் சிறந்த அறிமுக வீரர், சிறந்த டிஃபென்ஸ் வீரர் என ரெண்டு விருதும் அவருக்கே. 2008-ல் 23 சேக், மறுபடியும் சிறந்த டிஃபென்ஸ் வீரர். அந்த லீகில் ஒரே சீசனில் அதிகபட்சம், 1984-ல் ஜேம்ஸ் பார்க்கர் எடுத்த 26.5. அப்போ 23 எவ்வளவு பெரிய எண்ணுன்னு பாருங்க.

2009-ல் மயாமி டால்ஃபின்ஸ் கூப்பிட்டாங்க. 2010-ல் 14, 2012-ல் 15 சேக். 2015-ல் குதிகால் தசைநார் கிழிஞ்சது. அப்போ அவருக்கு வயசு 33. பலருக்கு அதோட ஆட்டம் முடிஞ்சிருக்கும். இவர் திரும்பி வந்து 2016-ல் 11.5 சேக் எடுத்தார். கடைசியா டென்னசி டைட்டன்ஸ். மொத்தம் என்.எஃப்.எல்.லில் 100.5 சேக், 5 முறை ப்ரோ பவுல் தேர்வு.

ஆள் அதே ஆள்தான். 2005-ல் பார்த்தவங்க கண்ணுக்குத் தெரியாதது, கனடாவில் களத்தில் இறங்கி ரெண்டு சீசன் முழுசா ஆடினப்போ தெரிஞ்சது. பிளேஸ்மென்ட் லிஸ்டில் பேர் வராத நண்பர் யாராவது பக்கத்து ரூமில் இருந்தா, இந்தக் கதையை அவங்களுக்கும் சொல்லுங்க.