நடுவே ஒரு மேஜை

திரையில் இரண்டு பேர் காதலிக்கிறார்கள் என்று பார்வையாளர் நம்புவதற்கு, அந்த நடிகர்கள் நிஜத்தில் ஒருவரையொருவர் விரும்ப வேண்டியதில்லை. நிஜ வாழ்க்கை ஜோடிகளே சேர்ந்து நடித்தும் ஒன்றும் பற்றிக்கொள்ளாத படங்கள் எல்லா மொழியிலும் உண்டு. ‘கெமிஸ்ட்ரி வொர்க் அவுட் ஆகிவிட்டது’ என்று சினிமாக்காரர்கள் சொல்வதில் பெரும்பங்கு இயக்குநரின் ஏற்பாடுதான். யார் எங்கே உட்காருவது, யார் முதலில் பார்வையை விலக்குவது, எவ்வளவு நேரம் தொடாமல் இருப்பது என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்கிறார்.

இதற்குப் பாடமாக வைக்கத் தகுந்த படம் ஒன்று ரொறன்ரோவில் எடுக்கப்பட்டது. சாரா பாலி எழுதி இயக்கிய ‘டேக் திஸ் வால்ட்ஸ்’, 2011 செப்டம்பரில் அந்நகரின் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பாலி சிறுவயதிலிருந்தே நடித்தவர். கேமரா முன் நிற்பவரின் கூச்சம் அவருக்குத் தெரியும். நாயகி மார்கோவாக மிஷெல் வில்லியம்ஸ், அவளுடைய கணவன் லூவாக சேத் ரோகன், ரிக்‌ஷா இழுத்துப் பிழைக்கும் எதிர்வீட்டு டேனியலாக லூக் கிர்பி.

படத்தின் மிகக் காமமான காட்சியில் யாரும் யாரையும் தொடுவதில்லை. பட்டப்பகலில் ஒரு கடை, சிறிய மேஜை, இரண்டு மார்டினி கோப்பைகள். தன்னை என்ன செய்வாய் என்று மார்கோ கேட்கிறாள். டேனியல் குரல் உயராமல், அவசரப்படாமல், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறான். பேச்சு முழுவதும் கிர்பியுடையது, காட்சியோ வில்லியம்ஸுடையது. கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஏறும் சூடுதான் பார்வையாளரைப் பிடித்துவைக்கிறது. காதல் காட்சியில் பேசுபவரைத் திருத்துவதிலேயே பொழுதைக் கழிக்கும் இயக்குநர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குள் இறங்குவது தெரிந்தால் போதும். வசனம் சுமாராக இருந்தாலும் காட்சி நின்றுவிடும்.

அதே படத்தில் இரவு நேர நீச்சல் குளத்தில் இருவரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி நீந்துகிறார்கள். அவன் கை பட்டதும் ஆட்டம் கலைகிறது. சென்டர் தீவின் கேளிக்கைப் பூங்காவில் சுழலும் ராட்டினத்தில் முத்தம் வரை போய், பாட்டு சட்டென்று அறுபட்டு, விளக்கு எரிந்து, இருவரும் அசடு வழிய விழிக்கிறார்கள். கிட்ட வருவதும் தடைபடுவதுமாகக் கட்டப்பட்ட இந்த வரிசைதான் அவர்களுக்கிடையே ஈர்ப்பை வளர்க்கிறது. முதல் பத்து நிமிடத்திலேயே கட்டிப்பிடிக்க விட்டிருந்தால் பிறகு எடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கணவனோடு வேறு வகை நெருக்கம். லூவும் மார்கோவும் மழலையில் பேசிக்கொள்கிறார்கள். உன்னை எப்படியெல்லாம் சித்திரவதை செய்வேன் என்று கொஞ்சிக்கொள்கிறார்கள். வெளியாளுக்குச் சற்று அசட்டுத்தனமாகத் தெரியும் இந்த விளையாட்டு, பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்பதை எந்த வசனத்தையும் விடத் தெளிவாகச் சொல்கிறது. பழகிய ஜோடியை நடிக்கவைக்கும்போது இப்படி அவர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு சடங்கைக் கண்டுபிடித்துக் கொடுப்பது இயக்குநருக்குப் பெரிய உதவி.

தொடாமலே வளரும் ஈர்ப்புக்குத் தமிழில் இணை, பிரேம்குமாரின் ‘96’ (2018). சென்னையில் ஒரே இரவு. ஜானு நெருங்கும்போதெல்லாம் ராம் ஓரடி பின்வாங்குகிறான். விஜய் சேதுபதிக்கும் த்ரிஷாவுக்கும் நடுவில் உள்ள அந்த ஓரடிதான் படமே. ‘காதலோடு பார்’ என்று சொன்னால் எந்த நடிகரும் கண்ணை உருட்டித்தான் காட்டுவார். ‘அவள் கிட்ட வராமல் பார்த்துக்கொள், ஆனால் அவள் போய்விடவும் கூடாது’ என்றால் உடம்புக்கு ஒரு வேலை கிடைக்கிறது. நடிகர்களை இயக்குவது பற்றிய ஜூடித் வெஸ்டனின் 1996ஆம் ஆண்டுப் புத்தகம் வற்புறுத்துவதும் ஏறக்குறைய இதையே: முடிவைக் கேட்காதே, செயலைக் கொடு.

காதில் விழுவதும் நம்பிக்கையைக் கெடுக்கலாம். ஷியாம் செல்வதுரையின் நாவலைத் தழுவி, ரொறன்ரோவில் வாழும் தீபா மேத்தா இயக்கிய ‘ஃபன்னி பாய்’ 2020இல் வந்தது. கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஆர்ஜி வளர்ந்து, சிங்களவனான ஷெஹானைக் காதலிக்கும் கதை. அதில் தமிழரல்லாத நடிகர்கள் பேசிய தமிழ், வெளியீட்டுக்கு முன்பே கண்டனத்துக்கு ஆளானது. அந்தக் கண்டனத்தை வெறும் மொழிப்பற்று என்று தள்ளிவிட முடியாது. வீட்டுக்குள் பேசும் பேச்சு ஒட்டாதபோது அந்த வீட்டுப் பிள்ளையின் காதலும் பாதி தூரத்தில் நின்றுவிடுகிறது.

தொட்டுத்தான் ஆக வேண்டிய காட்சிகளுக்கு இப்போது முறை வேறு. கனடிய நடிகர் சங்கமான ஆக்ட்ராவின் ஒப்பந்தங்களில் நிர்வாண, காதல் காட்சிகளுக்குத் தனி விதிகள் உண்டு: என்ன எடுக்கப்படும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், நடிகரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், படப்பிடிப்புத் தளத்தில் தேவையானவர்கள் மட்டுமே இருக்க வேண்டும். 2017க்குப் பிறகு நெருக்கக் காட்சிகளுக்கென ஓர் ஒருங்கிணைப்பாளரை வைப்பதும் பரவலாகிவிட்டது. எந்தக் கை எங்கே, எத்தனை நொடி என்பதைச் சண்டைக்காட்சி போல ஒத்திகை பார்த்துவிடுகிறார்கள். இதனால் இயல்பு போய்விடும் என்று சில இயக்குநர்கள் முணுமுணுக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. கையைப் பற்றிய கவலை தீர்ந்த நடிகரால்தான் எதிராளியின் கண்ணைப் பார்க்க முடியும்.

மிச்சமிருப்பது கால்ஷீட். லொகேஷன் வசதிக்காக முதல் நாளே முத்தக்காட்சியை வைக்கும் தயாரிப்பு நிர்வாகிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நடிகர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடவே தயங்கும் நாள் அது. அந்தத் தயக்கம் முதல் சந்திப்புக் காட்சிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அன்றைக்கு அதை எடுத்துவிட்டு, முத்தத்தை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளச் சொல்லிப் போராடுவதும் இயக்குநரின் வேலைதான்.